பொன்வண்டுக் கண்ணுக்கு நூறு படம்

கருவேல மரத்தடியில் செத்துக் கிடந்த பொன்வண்டு ஒன்று போன மாதம் கிடைத்தது. சின்ன வயதில் தீப்பெட்டியில் வைத்து வளர்த்ததோடு சரி, அதன் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பழைய மைக்ரோஸ்கோப்பில் இருந்து கழற்றிய 4X அப்ஜெக்டிவை (நாலு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) எக்ஸ்டென்ஷன் டியூப் என்னும் வெற்றுக் குழாய் வழியாகக் கேமராவில் மாட்டிப் படம் எடுத்துப் பார்க்கிறேன். ஒரு படத்தில் ஒரு மெல்லிய அடுக்குதான் தெளிவாக இருக்கும்; அப்படி நூறு படம் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவதுதான் வேலை. இதுவரை நாலு முயற்சி, அதில் மூன்று குப்பை.

இந்த அப்ஜெக்டிவின் என்.ஏ. (ஒளியை எவ்வளவு அகலமாக வாங்கும் என்ற அளவு) 0.10. ஒரு படத்தில் ஏறக்குறைய 55 மைக்ரான் (ஒரு மைக்ரான், மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம்தான் தெளிவாக விழும். படங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும் என்பதால் 40 மைக்ரானுக்கு ஒரு படம். நுணுக்கமாக நகர்த்த உதவும் மைக்ரோமீட்டர் திருகில் ஒரு கோடு 10 மைக்ரான். நாலு கோடு திருகி, கையை எடுத்து, ஆட்டம் அடங்கியதும் ஒரு கிளிக். 4 மி.மீ. ஆழத்துக்கு நூறு தடவை. திருகை ஒரே திசையில்தான் திருக வேண்டும். பின்னால் திருப்பினால் மரையின் தொய்வு கணக்கைக் கெடுத்துவிடும்.

முதல் தடவை எல்.ஈ.டி. வெளிச்சத்தில் அரை விநாடி எக்ஸ்போஷர் வைத்தேன். தெருவில் பஸ் போகும்போதெல்லாம் கண்ணின் அறுகோணக் கட்டங்கள் கரைந்துபோயின. இப்போது ஃபிளாஷை 1/16 பவரில் வைக்கிறேன். அந்த வெளிச்சம் கண நேரமே அடிப்பதால் அதிர்வு படத்தில் பதிவதில்லை. ஃபேனையும் நிறுத்திவிடுவதால் வேர்த்துக் கொட்டுகிறது, அது வேறு.

இரண்டாவது தடவை, நடுவில் காபிக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் வந்து எட்டுக் கோடு திருகிவிட்டேன். கண்ணின் குறுக்கே மங்கலாக ஒரு பட்டை.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். தூசி போக வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் துடைத்து, ஈரம் காயும் முன்பே எடுக்க ஆரம்பித்தேன். காயக் காய உணர்கொம்பு மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் ஒரே கொம்பு விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. இனி கழுவினால் இரண்டு நாள் காயவிட்டுத்தான்.

பொன்வண்டின் பச்சை சாயம் அல்ல. ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். அதனால்தான் செத்த பிறகும் மங்கவில்லை. ஆனால் நேரடி ஃபிளாஷில் வெள்ளைத் திட்டுகள் மட்டும்தான் தெரிந்தன. டிரேசிங் பேப்பரை வண்டைச் சுற்றிக் குழாயாக நிறுத்தியதும் நிறம் தெளிவாகத் தெரிந்தது. இந்த வேலையில் லென்ஸுக்குச் செலவழிப்பதைவிட இந்தப் பேப்பரோடு மல்லுக்கட்டுவதே மேல் என்று எனக்குப் படுகிறது.

நாலாவது தடவை எடுத்ததை, படங்களை ஒன்றாக்கும் சீரீன் ஸ்டாக்கர் என்ற மென்பொருளில் சேர்த்தேன். அதில் பிமேக்ஸ், டிமேப் என்று சேர்க்கும் முறைகள் இரண்டு. பிமேக்ஸ் முறையில் குறுக்கும் நெடுக்குமான ரோமங்கள் சுத்தமாக வந்தன, ஆனால் இரைச்சல் (பொடிப்பொடியான புள்ளிகள்) அதிகம். டிமேப்பில் நிறம் வழவழப்பு; ஓரங்களில் ஒளிவட்டம். டிமேப்பை அடியில் வைத்து, ரோமங்களை மட்டும் பிமேக்ஸில் இருந்து எடுத்து ஒட்டினேன். கேமரா சென்சாரில் இருந்த ஒரே ஒரு தூசி, மென்பொருள் படங்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது நூறு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மூலையில் புழு போல நெளிந்திருந்தது.

அடுத்து 10X. அதற்கு ஏழு மைக்ரானுக்கும் குறைவாக நகர்த்த வேண்டும், ஒரு கோட்டையே பிரிக்க வேண்டியிருக்கும். அதுவரை எறும்பு கொண்டுபோகாமல் இருக்க, சர்க்கரை டப்பாவுக்கு வைப்பதுபோல் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வண்டை வைத்திருக்கிறேன்.