கட்டிலுக்குக் கீழே ஒரு பை

சாதாரண தரப் பரீட்சை ஆங்கிலத்தில் 'மறக்க முடியாத நாள்' கட்டுரை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரியூசனில் பாடமாக்கிய சிகிரியாப் பயணம் அப்படியே வரும். விடிய எழும்பினோம், பஸ்ஸில் பாட்டுப் பாடினோம், களைத்துப்போய் வீடு வந்தோம். சிகிரியாவைக் கண்ணால் காணாத பிள்ளையும் அதையேதான் எழுதும்.

இந்தத் தவணை தரம் 10-க்கு நினைவுக்குறிப்பு எழுதப் பழக்கினேன். விதி ஒன்றுதான்: நீங்களே கண்டது, கேட்டது, தொட்டது மட்டும்.

மட்டக்களப்பில் கடலோரக் கல்லடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று சுனாமியை எழுதிக் கொண்டுவந்தாள். ராட்சத அலை, அலறல், எல்லாம் இருந்தது. சுனாமி 2004 டிசம்பர் 26. இவள் பிறந்தது 2009. கூப்பிட்டு, "இதுல நீ கண்டது எது மகள்?" என்றேன். பொய் எழுதிப் பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்தாள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லையே, அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதானே. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "அம்மா கட்டிலுக்குக் கீழ ஒரு பை வெச்சிருக்கா மிஸ்."

அதை எழுதச் சொன்னேன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், காணி உறுதி, ஒரு பிஸ்கட் பக்கற். மழை அடித்துப் பெய்யும் இரவில் பை கட்டிலடியிலிருந்து கதவடிக்கு வந்துவிடும். காலையில் திரும்பக் கட்டிலடிக்குப் போகும். பிஸ்கட் பழசானால் தேத்தண்ணியோடு இவர்கள் சாப்பிடுவார்கள், அம்மா புதுப் பக்கற் வைப்பா. எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் எழுதியிருந்தாள். நினைவு என்றால் இறந்தகாலம் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். பை இன்றைக்கும் அங்கேதானே இருக்கிறது! நிகழ்காலத்துக்கு மாற்றினோம். 'பை தூங்குகிறது' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தாள். அதில் நான் கை வைக்கவில்லை.

திருப்பி எழுதுவதென்றால்தான் வகுப்புக்கே அலுப்பு. ஆன் பிராங்கின் கதையைச் சொன்னேன். 13-வது பிறந்தநாளுக்குக் கிடைத்த கொப்பியில் எழுதத் தொடங்கிய பிள்ளை. போர் முடிந்தபின் மக்களின் நாட்குறிப்புகளைச் சேர்க்கப்போகிறோம் என்று 1944 மார்ச்சில் லண்டன் வானொலியில் சொன்னதைக் கேட்டு, நாசிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த இடத்திலேயே தன் நாட்குறிப்பைத் திருப்பி எழுதத் தொடங்கினாள். அப்போது வயது 14, உங்களை விடச் சின்னவள் என்றேன். வகுப்பு கொஞ்சம் அடங்கியது.

மறுகா அந்தப் பிள்ளை தன் கட்டுரையை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா ஒன்றும் பேசாமல் பையை இழுத்து, அடியில் கிடந்த பழைய அடையாள அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாவாம். கடல் தண்ணியில் ஊறிக் காய்ந்த அட்டை. அதுவரை இவள் அதைக் கண்டதே இல்லை.

"ஊறிக் காஞ்சதுக்கு இங்கிலீசில என்ன மிஸ்?"

நனைந்ததுக்குச் சொல் இருக்கிறது, காய்ந்ததுக்கும் இருக்கிறது. ஊறிக் காய்ந்து, ஓரம் சுருண்டு, தடவினால் மொறமொறக்கிற அதற்கு? இடைவேளை முழுக்க இரண்டு பேரும் அகராதியோடு இருந்தோம். நாலு சொல் எழுதி நாலையும் அவளே வெட்டினாள். மணி அடித்துவிட்டது. நாளைக்குத் திரும்பவும் தேட வேண்டும்.