ஒரு முத்திரைக்காகப் போன 12 எலிகள்

மூன்று மாதம் கழித்து இன்றுதான் மனம் ஆறி எழுதுகிறேன். கொரோனா தொற்றிய எலியின் நுரையீரலுக்குள் எந்த எதிர்ப்புச் செல் எந்த நாளில் வருகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. கோவிட் வைரஸ் இல்லை. அதற்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்புக் கூடம் வேண்டும். போதாததற்கு 2020-இல் பரவிய முதல் வைரஸ் சாதாரண எலியின் ஏசிஇ2-வில், அதாவது அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடிக்கும் புரதத்தில், சரியாக ஒட்டாது. நான் எடுத்தது எம்எச்வி-1, எலிகளின் சொந்தக் கொரோனா.

விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி, தொற்று, தினசரி எடை எல்லாம் ஒழுங்காகவே போயின. வினை ஃப்ளோ சைட்டோமீட்டரில் வந்தது. சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு, ஒளிரும் நிறத்தை வைத்து இனம் பிரிக்கும் கருவி அது. காரைக்குடியில் எங்களிடம் அது இல்லை. சென்னையில் ஓரிடத்தில் பணம் கட்டி நேரம் வாங்கியிருந்தேன்.

12 நுரையீரல்களைக் கொலாஜினேஸ் என்ற நொதியில் கரைத்து, சலித்து, சாயமேற்றி, ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி முடிக்க நள்ளிரவு. ஐஸ் பெட்டிக்கான ஜெல் பேக்குகள் மட்டும் வீட்டு ஃப்ரீசரில். "இதுல எலி ஒண்ணும் இல்லையே அப்பச்சி?" என்று அப்பத்தா மூன்று முறை கேட்டுவிட்டார். விடியற்காலை பல்லவனைப் பிடித்து மதியம் எழும்பூர்.

கவுன்ட்டரில் கேட்டது ஒன்றே ஒன்று. "செல்லெல்லாம் செத்தது, தொத்தாதுன்னு லெட்டர் எங்க?" போனில் காட்டினேன். "முத்திரை வச்ச ஒரிஜினல் வேணும் சார்." வழிகாட்டி பேசினார். ஸ்கேன் அனுப்பினார். நடக்கவில்லை. நான்கு மணிக்கு என் நேரம் போயிற்று. அடுத்தது ஆறு நாள் கழித்து. அதற்குள் டேண்டம் சாயங்கள், அதாவது இரண்டு சாயங்களை இணைத்துச் செய்தவை, உடைந்து, பிஇ-சை7 என்ற இணைப்புச் சாயத்தில் தெரிய வேண்டிய ஒளி தனிச் சாயமான பிஇ-யில் வழிந்தது. எது டி செல் (தொற்றை எதிர்க்கும் ஒரு வெள்ளணு), எது குப்பை என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்த ஊழியர் விதிப்படிதான் நடந்தார், சரி. அந்த விதியைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே!

மறுபடி 12 எலிகள் வேண்டுமென்றால் திருத்த அனுமதி வேண்டும். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் பிரதிநிதி இல்லாமல் கூட்டம் நடக்காது. அவர் வர ஆறு வாரம். "ஒரு கடுதாசிக்காக 12 உயிரா?" என்று குழுவின் கால்நடை மருத்துவர் கேட்டபோது தலை குனிந்துதான் நின்றேன். முதல் விண்ணப்பத்திலேயே காரணம் எழுதி, கைகாவலாகச் சில எலிகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று. சாயமேற்றாத தொற்று நுரையீரல் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். காற்றறை மேக்ரோஃபேஜ்கள், அதாவது நுரையீரலின் காற்றறைகளில் குடியிருந்து கிருமிகளை விழுங்கும் செல்கள், சாயம் இல்லாமலே ஒளிரும், ஏமாந்துவிடுவோம். அப்புறம், எலியைக் கொல்வதற்குச் சில நிமிடம் முன் வாலின் ரத்த நாளத்தில், வெள்ளணுக்களில் ஒட்டும் சிடி45 ஆன்டிபாடியைச் சாயத்தோடு ஏற்றுங்கள். ரத்தக் குழாயில் கிடக்கும் செல்லில் மட்டும் அது ஒட்டும். திண்ணையில் (ரத்தக் குழாயில்) உட்கார்ந்திருப்பவன் யார், வளவுக்குள்ளே (நுரையீரல் திசுவுக்குள்) வந்துவிட்டவன் யார் என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாம் முறை திரையில் பார்த்தேன். மூன்றாம் நாளில் காற்றறை மேக்ரோஃபேஜ்கள் மெலிந்து, அந்த இடத்தில் ரத்தத்திலிருந்து வந்த லை6சி மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் நெருக்கியடித்திருந்தன. எட்டாம் நாளில், தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்கள், திண்ணையில் அல்ல, வளவிலேயே. கத்திவிட்டேன், பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தார்.

முத்திரை வைத்த ஒரிஜினலை அன்றைக்கு யாரும் கேட்கவே இல்லை.