பூட்டானில் மிளகாய் ஒரு காய்கறி

கார் பாரோ பள்ளத்தாக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது அம்மாதான் முதலில் பார்த்தாள். "அங்க பாருடி, கூரை மேல மிளகா காயப்போட்டிருக்காங்க." ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தகரக் கூரைகள் சிவப்பாகக் கிடந்தன, ஜன்னல்களில் சரம் சரமாகத் தொங்கின, கீழே வயலில் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அக்டோபரில் போனதால் கிடைத்த காட்சி. எந்த மாதம் போகலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் அக்டோபர் என்றுதான் சொல்கிறேன், மழை ஓய்ந்து வானம் துலக்கமாக இருக்கும், தூரத்துப் பனிமலைகளும் தெரியும்.

நாங்கள் நியூ ஜல்பைகுரி வரை ரயில், அங்கிருந்து நம் எல்லை ஊரான ஜெய்காவ் வரை கார், அப்புறம் ஒரு பெரிய வளைவு வாசலைத் தாண்டினால் பூட்டானின் புன்ட்ஷோலிங். வாசலுக்கு இந்தப் பக்கம் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது, அந்தப் பக்கம் சட்டென்று அமைதி. நேரமும் அரை மணி முன்னால் போய்விடும். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம், ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், செல்லாது. தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம். அதிகம்தான். ஆனால் அந்தக் காடுகளைப் பார்த்தபிறகு எனக்கு அது உறுத்தவில்லை, நாட்டில் 60 சதவீதம் எப்போதும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் மாற்றும் தொல்லையும் இல்லை, அவர்களுடைய நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு.

தலைநகர் திம்புவில் முதல் இரண்டு நாள் ஹோட்டலில் எங்களுக்குப் போட்டது பனீர், தால், ஃப்ரைட் ரைஸ். இந்தியப் பயணிகளுக்கு இதுதான் பிடிக்கும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை டிரைவரிடம், "நீங்க எங்க சாப்பிடுவீங்களோ அங்கேயே எங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்து, "மாதாஜி காரம் தாங்குவாங்களா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் சிரித்தாள்.

மாடியில் ஒரு சின்னக் கடை, நடுவில் விறகடுப்பு கணகணவென்று எரிகிறது, ஐந்தாறு மேசை. அங்கே வந்தது ஏமா தாட்சி. ஏமா என்றால் மிளகாய், தாட்சி என்றால் சீஸ், அவ்வளவுதான் சமையலே. நாம் மிளகாயைக் குழம்புக்குக் காரம் கூட்டுவதற்காகப் போடுகிறோம், இவர்களுக்கு அது கத்தரிக்காய், வெண்டைக்காய் மாதிரி ஒரு காய். நீளவாக்கில் கீறின பச்சை மிளகாய் ஒரு கிண்ணம் நிறைய, கூடக் கொஞ்சம் வெங்காயம், தக்காளி, பூண்டு, தண்ணீரில் வேகவிட்டு கடைசியில் சீஸைப் போட்டு மூடிவிடுகிறார்கள். தாளிப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது, மசாலாத் தூள் ஒன்றும் கிடையாது. முதல் வாயில் சீஸின் கொழுப்பு நாக்கில் படிகிறது, காரம் மெதுவாகப் பின்னால் வந்து காது வரைக்கும் ஏறுகிறது, ஆனாலும் கை நிற்கவில்லை.

தொட்டுக்கொள்ள இல்லை, பிசைந்து சாப்பிடச் சிவப்பரிசிச் சோறு. வெந்தபிறகு இளஞ்சிவப்பாக, லேசாக ஒட்டிக்கொண்டு, மென்றால் ஒரு கொட்டை வாசனை வரும். அம்மா சோற்றைக் கையில் உருட்டிப் பார்த்து, "எங்க பாட்டி வீட்டுல இப்படித்தான் இருக்கும், கழனித்தண்ணிகூட சிவப்பா வரும்" என்றாள். அதற்கப்புறம் ஊர் திரும்பும் வரை அவள் வெள்ளைச் சோறு கேட்கவே இல்லை.

காரம் அதிகம் வேண்டாம் என்பவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட கேவா தாட்சி, காளான் போட்ட ஷாமு தாட்சி இருக்கின்றன. ஆக, சைவம் சாப்பிடுகிறவர்கள் பூட்டானுக்குப் பயப்படாமல் போகலாம். அசைவக்காரர்கள் காய்ந்த பன்றிக்கறியை மிளகாயோடு சமைக்கும் சிக்கம் பாவைத் தேடிப் போகிறார்கள். உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைகிற சுஜாவைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, சூப் என்று நினைத்துக் குடியுங்கள். கூடவே அரிசிப் பொரி தருவார்கள், அதை அதிலேயே போட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும். குளிரில் அந்தச் சூடு வயிற்றுக்குள் இறங்கும்போதுதான் இந்த ஊர்க்காரர்கள் ஏன் இதைக் குடிக்கிறார்கள் என்று புரிந்தது.

அப்புறம் தோமா. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, நம்முடையதேதான்! ஆனால் பாக்கு பதப்படுத்தி ஊறின பாக்கு, வாசனை கடுமையாக இருக்கும், போட்ட ஒரு நிமிடத்தில் உடம்பு குப்பென்று சூடாகி நெற்றி வியர்க்கிறது. டிரைவர் தன் சட்டை மடிப்புக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். யாரையும் மரியாதை செய்ய வேண்டுமென்றால் தோமாதான் கொடுப்பார்களாம். ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல் இருவரும் தோமாவை மெல்லத் தொடங்கினார்கள்.

திம்புவில் மலை மேலிருக்கும் பெரிய புத்தர் சிலையை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பார்த்துவிடுங்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது சிக்னல் விளக்கே இல்லாத அந்த ஊரில் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் சின்ன மண்டபத்துக்குள் நின்று கையசைத்து வண்டிகளை அனுப்புவது. அங்கிருந்து 108 ஸ்தூபிகள் இருக்கிற தோச்சுலா கணவாய் ஏறி இறங்கினால் புனாகா. ஃபோ சூ, மோ சூ என்று அப்பா ஆறும் அம்மா ஆறும் கூடுகிற முனையில் 17ஆம் நூற்றாண்டில் கட்டின கோட்டை. 1955 வரை இதுதான் தலைநகரம். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓடாதீர்கள், ஆற்றங்கரையில் உட்காருங்கள்.

புலிக்கூடு மடத்துக்கு, அதாவது தக்ஸாங்குக்கு, கடைசி நாளை வைத்திருந்தோம். பௌத்த குரு பத்மசம்பவர் பெண்புலி மேல் பறந்து வந்து தவம் செய்த குகை என்பது நம்பிக்கை, 1692இல் அதைச் சுற்றி மடம் எழுந்தது, 1998இல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டி 2005இல் முடித்தார்கள். காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்குங்கள். பைன் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை, பாதி வழியில் ஒரு சிற்றுண்டிச்சாலை. குதிரை அதுவரைக்கும்தான் வரும், இறங்கும்போது அதுவும் கிடையாது. அம்மா முழங்கால் வலியோடு அதுவரை வந்து, மடம் நேர் எதிரே தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு இது போதும், நீ போயிட்டு வா" என்றாள். மடத்தின் எதிர்முனைக்குப் போனபிறகும் வேலை முடியவில்லை, நூற்றுக்கணக்கான படிகள் கீழே இறங்கி, அருவியோரம் பாலத்தைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். வாசலில் போனையும் பையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வெண்ணெய் விளக்கின் வாசனையும் காலடியில் ஜில்லென்ற மரப்பலகையும் இன்னும் நினைவிருக்கின்றன.

திரும்பி வந்தபோது அம்மா அந்தப் பெஞ்சிலேயே இருந்தாள், கையில் சுஜா.

பாரோ சந்தையில் இரண்டு கிலோ சிவப்பரிசி வாங்கி வந்தோம். ஏமா தாட்சிக்கு நம் ஊர் பஜ்ஜி மிளகாயும், பாதிக்குப் பாதி சாதாரணப் பச்சை மிளகாயும் சரியாக வருகிறது. சீஸை மட்டும் அடுப்பை அணைக்கப்போகும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் திரிந்துவிடும்.