பால்பவுடருக்கு மதம் மாறினோமா?

கிறிஸ்தவர்களைப் பற்றி நம்ம பக்கம் சொல்லப்படும் குறைகளில் எனக்கு அதிகம் வலித்தது, ‘பால்பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறினவங்க’ என்ற பேச்சுதான். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த காலத்தில், கூட வேலை பார்த்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஊரெல்லாம் சொல்வதால் அதுதான் வரலாறு என்று நம்பினார்கள். இப்போது அதே பேச்சு வாட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே வருகிறது. கோயம்புத்தூரில் படிக்கும் என் அண்ணன் மகன் அப்படி வந்த ஒன்றை எனக்கு அனுப்பி, “அத்தை, இதுக்கு என்ன பதில் சொல்லணும்? இன்னும் நாலஞ்சு கேள்வி கேக்காங்க” என்றான். அவனுக்கு எழுத ஆரம்பித்தது, எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் வருஷக் கணக்கு. அமெரிக்கப் பால்பவுடரும் கோதுமையும் உதவியாக நம்ம நாட்டில் வந்து இறங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும். பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் என்ற பிராமண விதவை ஞானஸ்நானம் பெற்றது 1778-ல். அவர் கட்டி 1785-ல் எழும்பிய கோவிலை ‘பாப்பாத்தி அம்மாள் கோவில்’ என்று ஊர்ச் சனங்கள் இன்றும் சொல்கிறார்கள். முதலூர் உண்டானது 1799-ல். கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன கொஞ்சம் குடும்பங்கள் தனியாக நிலம் வாங்கிக் குடியேறிய ஊர் அது. பால்பவுடர் டப்பா நம்ம கரைக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னாலேயே, கிறிஸ்து வேதத்துக்காக வீட்டையும் வாசலையும் விட்டவர்கள் அவர்கள்.

ஆனால் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் நான் நேர்மையாகப் பேசினதாகாது. பஞ்ச காலத்தில் வந்தவர்களும் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம தாத்தா பாட்டிமார் சொல்லும் 1876–78 பஞ்சத்தில், திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் வந்து சேர்ந்தார்கள். கஞ்சி ஊற்றியவர்களை நம்பி வந்தார்கள். அதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளை பசியில் சாகும்போது எந்தக் கதவு திறக்கிறதோ அந்தக் கதவுக்குள் நுழையும் தாயின் நோக்கத்தை அளந்து பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. மகனுக்கு அமெரிக்க விசா கிடைக்க வேண்டிக்கொள்கிறவரை, பதவி உயர்வுக்கு நேர்ந்துகொள்கிறவரை யாரும் ‘உன் பக்தி சுத்தமா’ என்று கேட்பதில்லை. ஏழையிடம் மட்டும்தான் அந்தக் கேள்வி வருகிறது. யோவான் 6-ம் அதிகாரத்தில் இயேசுவைத் தேடிவந்த கூட்டத்தைப் பார்த்து, அப்பம் தின்று திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று அவரே முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆனால் அதைச் சொல்வதற்கு முந்தின நாளே அவர்கள் வயிறாரச் சாப்பிட்டிருந்தார்கள். அவர்கள் நோக்கம் தெரிந்தேதான் அவர் சோறு போட்டார்.

அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் களைந்து போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. வீட்டில் அரை வயிற்றுக்கஞ்சி என்றாலும் அந்தக் கைப்பிடி குறையாது. “அது நம்ம அரிசி இல்ல பிள்ள, ஆண்டவருக்குள்ளது” என்பாள். மாசம் ஒரு தடவை கலயத்தைக் கோவிலுக்கு எடுத்துப் போவாள். அளந்து ஏலம் விடுவார்கள். இந்த மாதிரி மக்கள் இருந்த திருநெல்வேலியில்தான் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்ப நம்ம ஆட்களே பணம் சேர்த்தார்கள். 1912-ல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். கோதுமைக்காக மட்டும் வந்தவர்கள் கோதுமை தீர்ந்ததும் போயிருக்க வேண்டும். இவர்கள் தங்கள் அரிசியைக் கொடுத்தார்கள்.

லாபத்துக்காக மாறுகிறார்கள் என்பவர்கள் 1950-ம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையையும் பார்க்கட்டும். தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடு போய்விடும். சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். எங்களுக்கு இன்னும் மூடித்தான் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும் கல்லூரி சீட்டும் அரசு வேலையும் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே ஞானஸ்நானத்துக்கு நிற்கிறவரிடம் போய் ‘என்ன வாங்கினாய்’ என்று கேட்பது அநியாயம்.

வெள்ளைக்காரன் மதம் என்கிற குற்றச்சாட்டுக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. கேரளத்தில் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோவிலுக்குக் கொடுத்த செப்பேடு கி.பி. 849-ஐச் சேர்ந்தது. ஐரோப்பியக் கப்பல் எதுவும் வராத காலத்தில் இங்கே கோவில் இருந்ததற்கு அது சாட்சி. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவைச் சிறையில் போட்டது அங்கே ஆட்சி செய்த டேனிஷ் அதிகாரிதான். கிழக்கிந்தியக் கம்பெனி 1813 வரை மிஷனெரிகளுக்குத் தன் எல்லையில் கதவைத் தாராளமாகத் திறக்கவில்லை. வியாபாரம் கெடும் என்ற பயம். ஆனால் கோவாவில் 1560-ல் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த, மதத்தின் பெயரால் மக்களைத் தண்டித்த விசாரணை மன்றத்தை யாராவது சொன்னால், நான் மறுத்துப் பேச மாட்டேன். அது பாவம். கிறிஸ்துவின் பெயரால் செய்யப்பட்டதால் இன்னும் பெரிய பாவம்.

அடுத்து, பைபிளில் முரண்பாடு, இடைச்செருகல் எல்லாம் இருக்கிறது, அதைச் சபை மறைக்கிறது என்பது. மாற்கு 16-ம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களை எடுத்துக்கொள்வோம். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அவை இல்லை. மாற்கு 8-ம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்து அச்சில் போட்டு உலகத்துக்குச் சொன்னவர்களே கிறிஸ்தவ அறிஞர்கள்தான். பல மொழிபெயர்ப்புகளில் அடிக்குறிப்பாகவே இருக்கிறது. எங்கள் பிரசங்கிமார்தான் அதைச் சபையில் சொல்வதில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு, காரணமும் உண்டு. வியாதியஸ்தர்மேல் கைகளை வைத்தால் சொஸ்தமாவார்கள் என்ற வரி அந்தப் பன்னிரண்டு வசனங்களுக்குள்தான் வருகிறது. சுகமளிக்கும் கூட்டத்துப் போஸ்டர்களில் அதிகம் பார்த்த வசனம் அது.

அப்படியொரு கூட்டத்துக்குப் போய்வந்து இன்சுலினை நிறுத்திவிட்ட அம்மாவை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். மயக்கத்தில் இருந்தார்கள், மூச்சில் பழ வாசனை. சர்க்கரை எகிறி உடம்பில் அமிலம் ஏறினால் வரும் வாசனை அது, மூக்கு மறக்காது. வலது கால் கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது. மகள் பையைத் திறந்து காட்டினாள்: உடைக்காத இன்சுலின் பாட்டில்கள், கூடவே ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் புட்டி. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்கள், விரல் போய்விட்டது. நானும் ஜெபிக்கிறவள்தான். ஊசி போடும்போதெல்லாம் மனசுக்குள் ஜெபித்திருக்கிறேன். வேலூரில் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் சின்ன மருந்தகமாகத் தொடங்கியதும் ஜெபத்தில் பிறந்ததுதான், அது மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம் என்று மேடையில் சொல்கிறவரை விமர்சகர்கள் திட்டினால், நானும் அவர்கள் பக்கம்தான்.

கடவுள் இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம் என்ற கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சல் பக்கம் போன மருத்துவக் குழுவில் நானும் இருந்தேன். சின்னப் பிள்ளைகளின் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஈர மணலைப் பஞ்சால் எடுத்துக்கொண்டே இருந்தோம். உயிர் இல்லாத பிள்ளைகளுக்கும் எடுத்தோம், தாய்மார் அப்படிப் பார்க்கக் கூடாது என்று. ஒரு தாய் என் கையைப் பிடித்து, “சிஸ்டர், நேத்து புதுச்சட்ட போட்டுக் குடுத்தேன், அதக் காணல” என்று சட்டையையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கொஞ்ச நாளில், இது தேவனின் தண்டனை என்று சில பிரசங்கிமார் பேசத் தொடங்கினார்கள். லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்று இயேசு சொன்னதை அவர்கள் வாசிக்கவே இல்லையா? ‘என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று சிலுவையில் கதறியவரைத்தான் நான் கும்பிடுகிறேன். அந்தத் தாயின் கேள்வியை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அதனால்தான் அந்த மணலுக்கு நடுவிலும் அவரிடம் என்னால் பேச முடிந்தது. இதை வாதமாக வைக்கவில்லை. என் சாட்சி இது.

இனிக் கடைசிக் கேள்வி, சாதி. இதற்கு நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணை போட்டபோது, அதை ஏற்காமல் சபையை விட்டுப் போனவர்கள் நம்ம தமிழ்க் கிறிஸ்தவர்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவரை 1910-ல் இடித்தபோது, அதை எதிர்த்து மேல்சாதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் சுவரைப் பற்றிப் பத்திரிகையில் எல்லோரும் படித்திருப்பீர்கள். கல்யாண விளம்பரம் எந்தக் கிறிஸ்தவ மாத இதழில் பார்த்தாலும் ‘இரட்சிக்கப்பட்ட’ என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும்.

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவருக்குக் கீழே உள்ள சபைகளில், அதிகம் பேர் என் சாதிக்காரர்கள். கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு சுவர் ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம், மழைக்குத் தண்ணீர் கட்டும். எங்களோடு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இறந்தபோது அங்கேதான் குழி வெட்டினார்கள். எந்த ஆராதனைக்கும் தவறாத மனுஷன். குருவானவர் (நாங்கள் ஐயர் என்போம்) ஜெபம் சொல்லும்போது குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்குமுன் இரண்டு வாளி இறைத்தார்கள். அடக்கத்துக்கு வந்திருந்த என் சிநேகிதி, அவளும் நர்ஸ், சாமி நம்பிக்கை இல்லாதவள், திரும்பும்போது கேட்டாள்: “அக்கா, அந்தப் பக்கம் மேட்டுல அவ்வளவு இடம் கிடக்கே?”

அவள் கேட்டது எந்த அளவுகோலால் சரி என்று யோசித்தால், கிறிஸ்துவின் அளவுகோலால்தான். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை நாங்கள் வாசித்துவிட்டு மூடிவைக்கிறோம். அவள் வாசிக்காமலே கேட்டுவிட்டாள். அப்புறம் ஏன் இன்னும் அந்தச் சபையில் இருக்கிறாய் என்று என் அண்ணன் மகனும் கேட்டான். அந்தச் சுவருக்கு அப்பால் கிடக்கிறவரும் நானும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கியவர்கள். அவரை அங்கே விட்டுவிட்டு நான் வேறு எங்கே போவேன்?

சுவரை எடுத்துவிட்டு, பள்ளத்தை மண் போட்டு மேடாக்கி, இறந்த வரிசைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று சேகரக் கமிட்டிக்கு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் பெண்கள்தான் அதிகம். பழைய வழக்கம், இப்போது கிளறாதீங்க என்று பதில் வந்தது. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை முடிந்ததும் கூட்டம் கூடுகிறது, அதில் மறுபடியும் வைக்கிறோம். மற்றக் கேள்விகளுக்கு இதைப் படித்துவிட்டு நீயே உன் நண்பர்களுக்குப் பதில் சொல்லிக்கொள் தம்பி. இந்தக் கேள்விக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பதில் போடாதே. அசனத்துக்கு ஊருக்கு வா, வந்து மனுவில் கையெழுத்துப் போடு. இளைஞர் பெயர் இன்னும் ஒன்றுகூட அதில் இல்லை.