சொகுசு அறைக்கு இத்தாலிக் கல்தான் வேண்டுமா?

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் புது ஓட்டல் கட்டுகிறவர்களிடம் உள்அலங்காரம் பேச உட்கார்ந்தால், "இத்தாலியன் மார்பிள் போட்டாத்தானுங்க ரிச்சா இருக்கும்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. சொகுசு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. காசு கொடுத்துத் தங்குகிறவருக்கு நல்ல தூக்கமும் காலுக்கு இதமான தரையும் கிடைக்கத்தான் வேண்டும். என் கோபமெல்லாம் சில வருஷத்துக்கு ஒருதரம் மொத்தத்தையும் பிய்த்து எறிந்துவிட்டுப் புதுசாகச் செய்கிறார்களே, அதன்மேல்தான். மரநாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் ஈரம் ஏறினால் ஊதிவிடும், மேலே ஒட்டிய லேமினேட் உரிந்தால் திரும்ப இழைக்க வழியில்லை, நேரே குப்பைக்குத்தான். மொட்டைமாடியில் சோலார் வைத்து, பிளாஸ்டிக் ஸ்ட்ராவை நிறுத்திவிட்டு, உள்ளே இப்படி லாரி லாரியாகக் கழித்துப் போட்டால் அது என்ன பசுமை?

தேக்கு அப்படியில்லை. பழைய வீடு பிரிக்கிற இடத்தில் உத்திரம், நிலை, தூண் எல்லாம் விலைக்கு வரும். ஆணி பிடுங்கி இழைத்தால் உள்ளே நிறம் அப்படியே இருக்கும், நன்றாகக் காய்ந்த மரம் என்பதால் லேசில் கோணாது. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து பூசுகிற ரெட் ஆக்சைடு தரையும் நடக்க நடக்க மெருகு ஏறுகிற சங்கதி. ஆனால் அதற்குக் கை தேர்ந்த கொத்தனார் வேண்டும், நாள்கணக்கில் ஈரம் காக்க வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டு அப்புறம் தரையைப் பற்றிப் பேச வந்தால் நடக்காது.

குளியலறைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். காற்றுக் கலந்து விடுகிற ஷவர் போட்டால் கொஞ்சத் தண்ணீரே நிறைய விழுகிற மாதிரி இருக்கும்.

துணிக்கு வருவோம். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சென்னிமலைப் போர்வையைச் சொல்லவே வேண்டாம், கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகின்றன. நம் ஓட்டல்காரரோ பாலியஸ்டர் கார்ப்பெட்டை எங்கிருந்தோ வரவழைக்கிறார்! கெட்டியான கைத்தறி ஜமக்காளத்தை ஒரு வெறும் சுவரில் விரித்து மாட்டி, நல்ல விளக்கு ஒன்று போட்டுப் பாருங்கள், அந்தக் கோடுகளின் நிறத்துக்கு வேறு அலங்காரமே தேவைப்படாது.

உள்ளூர்ச் சரக்கு என்பதாலேயே சுத்தம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது. அதனால் கொட்டேஷன் வாங்கும்போதே, நூலுக்குச் சாயம் போட்ட இடம் எது, கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுவிடுவேன். பதில் வராவிட்டால், எவ்வளவு அழகான துணியானாலும் அங்கே எடுப்பதில்லை.