ஹார்லிக்ஸ் பாட்டிலில் காவிரி

1978 ஆடி மாதம், நம் பள்ளியில் நாம் பத்தாவது படித்தபோது, வாய்க்காலில் காவிரிப் புதுத்தண்ணீர் வந்த மறுநாள் பூகோள சார் அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மொண்டுவந்து மேஜைமேல் வைத்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ, எனக்கு இன்னும் கண்முன்னால் நிற்கிறது. யாரும் தொடக்கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்றார். பொடிமணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் மாவு மாதிரி வண்டல் படிய சாயங்காலம் ஆனது. களி மட்டும் மூன்று நாளாகியும் டீ நிறத்தில் மிதந்துகொண்டே இருந்தது. அப்புறம் கெமிஸ்ட்ரி சார் வந்து துளி படிகாரத்தைக் கரைத்து ஊற்ற, கொஞ்ச நேரத்தில் திரிதிரியாகச் சேர்ந்து இறங்கித் தண்ணீர் தெளிந்தது.

"இது எந்தப் பாடம்?" என்றார் பூகோள சார். பூகோளம் என்றோம். சரி, பெரிய துகள் ஏன் முதலில் இறங்குகிறது? அது பிசிக்ஸ், துகளின் விட்டம் பாதியானால் வேகம் கால்வாசியாகும் என்று 1851-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி போட்ட கணக்கு. களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பது மின்னூட்டத்தால், அது கெமிஸ்ட்ரி. அதில் சம்பா விளைவது தாவரவியல். நம் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியாக வருவது எந்தப் பாடம் என்று அவர் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் தாத்தாவிடம் சொன்னேன். "மேட்டூரு கட்றதுக்கு முந்தி தண்ணி இன்னும் கலங்கலா வரும்டா, இப்ப வண்டலு அங்கயே தங்கிடுது" என்றார். அணை திறந்தது 1934-இல். தேங்கிய நீரில் வேகம் குறையும், வண்டல் படியும். எங்கள் பாட்டிலில் நடந்ததேதான். பிற்பாடு கல்லூரியில் அது ஒரு முழு அத்தியாயமாக வந்தது, தாத்தா அதை வரப்பில் நின்றே பார்த்திருந்தார். கல்லணையும் அப்படித்தான், பாடமாக வருமுன்பே கட்டிக் காட்டிய விஷயம். அடி காணாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டினார்.

பாடங்களை நான் குறை சொல்லவில்லை. ஸ்டோக்ஸ் ஒரே ஓர் உருண்டையைத் தனியே எடுத்துப் பார்த்ததால்தான் அந்தக் கணக்கு வந்தது. நெல், கூலி, முறைப்பாசனச் சண்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. ஆனால் ஆற்றைப் பாகம் பிரித்து உனக்கு இது, எனக்கு அது என்று எடுத்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை படிப்பு, ஒரே தண்ணீரிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறோம், அவ்வளவுதான். இது எனக்கு உறைக்க இருபது வருஷம் ஆனது. இங்கே மெல்போர்னில் பாசனக் கணக்குப் போடுகிற வேலையில், கம்ப்யூட்டர் எவ்வளவு அழகாக விடை சொன்னாலும், கடைசி மடையில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அந்த பாட்டில் வருஷக் கடைசி வரை ஜன்னலில் இருந்தது. ஒவ்வொரு படிவின் உயரத்தையும் பென்சிலால் குறித்துத் தாளில் எழுதிவைத்தது 'பி' செக்‌ஷன் பெண்கள். அந்தத் தாள் யாரிடமாவது இருந்தால் நம் பழைய மாணவர் மலர்க்குழுவுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.