கொட்டாரத்துக்கு நாலு டிக்கெட்

நாகர்கோவிலில் இருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போக, வழியில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

எங்கள் ஊர் மன்னார்குடி. வீட்டுக்காரர் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த நண்பருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நான், இவர், காலேஜில் படிக்கும் மகள், எழுபத்தாறு வயது மாமியார், நாலு பேரும் சனிக்கிழமை கிளம்பினோம். "அந்தப் பக்கத்துப் பேச்சு நமக்குப் புரியுமா?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. ரயில் திண்டுக்கல் தாண்டும்வரை வகுப்பு நடந்தது. நாம் தொலைத்துவிட்ட பழந்தமிழ்ச் சொற்கள் எல்லாம் நாஞ்சில் நாட்டில்தான் பத்திரமாக இருக்கின்றனவாம். தமிழ் படித்தவனுக்கு அங்கே ஒரு சிக்கலும் வராதாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்து அத்தை வாய் பிளந்தார்கள். அதோடு நல்ல நேரம் முடிந்தது.

நாகர்கோவிலில் ரயில் நிலையம் இரண்டு இருக்கிறது, ஜங்ஷன் ஒன்று, டவுன் ஒன்று. திருச்சியிலிருந்து திருவனந்தபுரம் போகும் எங்கள் வண்டி ஜங்ஷனுக்குப் போகாமல் டவுனோடு போய்விடுகிற வண்டி. டிக்கெட்டில் தெளிவாக அச்சடித்துத்தான் இருந்தது. இவர் போனில் சொன்னது மட்டும் "ஸ்டேஷனுக்கு வந்துடுங்க" என்று. நண்பரின் மச்சினர் கோட்டாற்றில் ஜங்ஷன் வாசலில் நிற்கிறார், நாங்கள் டவுனில் நிற்கிறோம். "எறங்கியாச்சா?" "எறங்கியாச்சு." "நானும் முன்னாலதான நிக்கேன், காணலியே?" "கையைத் தூக்குங்க." கால் மணி நேரம் இரண்டு பேரும் இரண்டு ஸ்டேஷனில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

கல்யாண வீட்டில் எல்லாருக்கும் தங்கமான மனசு. உள்ளே நுழைந்ததும் பெண்ணின் பெரியம்மா அத்தையிடம், "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டார். ஆடிப் பெருக்கையும் கொள்ளிடத்தையும் பார்த்து வளர்ந்த அத்தை, "எங்கேம்மா வந்திருக்கு?" என்று பதறி எழுந்தார்கள். குடிக்கிற தண்ணீரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிய ஒரு செம்பு வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை இட்லிப் பந்தியில் அதைவிட மோசம். அதே பெரியம்மா வாளியோடு வந்து என் மகளுக்கு நேராக நின்றுகொண்டு, "சம்மந்தி வேணுமா?" என்றார். அத்தை குனிந்த தலை நிமிராமல், "இப்ப வேணாம்மா. பொண்ணு படிக்குது. ரெண்டு வருஷம் போகட்டும், நல்ல இடமா இருந்தாச் சொல்லுங்க" என்றார்கள். பந்தி முழுக்கச் சிரித்தது. தேங்காய்ச் சம்மந்தி, அதாவது சட்னி. மகள் அன்று முழுக்கச் சட்னியே தொடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் குறை சொல்ல எதுவும் இல்லை. அவியல், எரிசேரி, இஞ்சிப் பச்சடி, ஏத்தங்காய் உப்பேரி, அப்புறம் இலையிலேயே பாயசத்தை ஊற்றிப் பழத்தைப் பிசைந்து பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருந்தது. இப்போது எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை ராத்திரிதான் எங்களுக்குத் திரும்ப ரயில். பகல் முழுக்கச் சும்மா இருக்கிறதே என்றபோது அந்தப் பெரியம்மாதான் யோசனை சொன்னார். "கொட்டாரத்தப் பாத்துட்டுப் போங்க, கேட்டியளா. அம்புட்டும் மரத்துல கட்டுனது."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கொட்டாரம்! பார்த்தியா? ஸ்ரீரங்கம் கோயில்ல நெல்லு சேமிக்கிற இடத்துக்குப் பேரு கொட்டாரம். இங்கே அரண்மனைக்கே அதுதான் பேரு." அன்றிலிருந்து அரண்மனை என்ற சொல்லையே விட்டுவிட்டார். ஊர்க்காரர்கள் மாதிரிப் பேச வேண்டுமாம்.

மறுநாள் காலை வடசேரி பஸ் நிலையத்தில், கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் ஒரு கண்டக்டரிடம் கம்பீரமாகக் கேட்டார்: "கொட்டாரம் போவுமா?"

"போவும், ஏறுங்க."

"கொட்டாரத்துக்கு நாலு டிக்கெட்."

பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் அது. எங்கள் மூன்று பேருக்கும் இலவசச் சீட்டு. இவர் மட்டும் காசு கொடுத்தார். இதை நான் பிறகு பல தடவை சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

பஸ் புறப்பட்டது. இடலாக்குடி தாண்டிச் சுசீந்திரம் கோபுரம் தெரிந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மகள் போனைப் பார்த்துவிட்டு மெதுவாக, "அப்பா, அரண்மனை தக்கலைப் பக்கம்னு காட்டுது. அது நமக்குப் பின்னாடி இருக்கு" என்றாள்.

"டவுன் பஸ் சுத்திப் போகும்."

"தள்ளிப் போய்க்கிட்டே இருக்குப்பா."

"சுத்துன்னா தள்ளித்தான் போகும்."

வழுக்கம்பாறை வந்தது. பொற்றையடி வந்தது. இரண்டு பக்கமும் வயலும் தென்னையும் தாமரைக் குளமுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எதிர்க்காற்றில் கடல் வாடை வேறு. மரத்தில் கட்டிய அரண்மனையைக் கடலோரத்தில் கட்டுவார்களா என்று எனக்கே சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

"கொட்டாரம் எறங்குங்க!"

இவர் எழுந்து வெளியே பார்த்தார். கடைகள், ஒரு மருந்துக்கடை, சைக்கிள் நிறுத்தம். "என்னப்பா இது, இங்கேயா கொட்டாரம்? சரியாப் பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்று படியில் நின்றபடியே குரலை உயர்த்தினார். கண்டக்டருக்கு இவர் கால் நிலை கொள்ளாமல் படியின் விளிம்பில் நிற்பதுதான் கண்ணில் பட்டது. "சாடாதீங்க சார், சாடாதீங்க. பைய எறங்குங்க."

"நான் எங்கேய்யா சாடினேன்? கேள்விதானே கேட்டேன்?"

சாடுவது என்றால் அங்கே குதிப்பது. பஸ் போய்விட்ட பிறகு இதை எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் டீக்கடை வைத்திருந்த ஓர் அம்மா. அவரிடம்தான் இவர் அடுத்துப் போய்க் கேட்டார்.

"அம்மா, கொட்டாரம் எங்கே இருக்கு?"

"இதுதான் கொட்டாரம்."

"இல்லம்மா, கொட்டாரம்."

"ஆமா. கொட்டாரம்." அந்த அம்மா தரையைக் காட்டினார். இவரும் தரையைப் பார்த்தார்.

"ராஜா இருந்தாரே..."

"எந்த ராஜா? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கறிக்கடை ராஜாவா?"

மகள் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அத்தைதான் முன்னால் வந்து, "மரத்துல கட்டின அரண்மனைம்மா" என்றார்கள்.

"அட, பத்மநாபபுரம் கொட்டாரமா! மக்களே, அது அங்கனல்லா இருக்கு!" என்று எங்களுக்குப் பின்னால், நாங்கள் வந்த ரோட்டை நோக்கிக் கை நீட்டினார். "முப்பது கிலோமீட்டர் இருக்கும். இது ஊருக்குப் பேரு கொட்டாரம், பாத்துக்கிடுங்க. இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போனா கன்னியாகுமரி."

என் ஒருத்தியைப் பார்த்து "மக்களே" என்றதும் நான் பின்னால் கூட்டம் ஏதும் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். பாசமாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லித்தான் தெரிந்தது. அந்த அம்மா எங்களை உட்கார வைத்து ரசவடையும் ஏத்தம்பழ பஜ்ஜியும் கொடுத்தார். ரசத்தில் ஊறிய வடையைக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு தருகிறார்கள். அத்தை இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள். இவர் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கடலையாவது பார்த்துவிட்டுப் போவோமே என்றேன். "கிளம்பினது எதுக்கோ அதைத்தான் பார்க்கிறோம்" என்றார். திரும்ப நாகர்கோவில், அங்கிருந்து இன்னொரு பஸ். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி. வலது பக்கம் வேளிமலை கூடவே வந்தது. தக்கலையில் இறங்கும்போது மத்தியானம் இரண்டரை. இந்தத் தடவை இவர் உஷாராகி, கொட்டாரம் என்ற சொல்லையே எடுக்காமல் ஆட்டோக்காரரிடம் "பத்மநாபபுரம் போகணும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு கிலோமீட்டர்தான். கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே போய் அரண்மனை முன்னால் இறங்கினோம். ஓட்டுக் கூரையைப் பார்த்ததும் இவர் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த வெளிச்சம் திரும்பி வந்தது.

கதவு சாத்தியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரில் இருக்கும் இந்த அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரள அரசின் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது. நிலம் நம்முடையது, சாவி அவர்களுடையது. அதனால் வாசலில் இருந்த காவலர் எங்களிடம் பேசியது மலையாளத்தில்.

"இன்னு அவதியா."

இவர் அப்படியே உருகிப் போனார். "ஆமா தம்பி, அவதிதான்."

"திங்களாழ்ச்ச அவதி."

"திங்கட்கிழமை மட்டும் இல்ல தம்பி. சனிக்கிழமை ரயிலை விட்டு எறங்கினதிலேர்ந்தே அவதிதான்."

காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு மனிதர் மனம் விட்டுப் பேசுகிறார் என்பது மட்டும் புரிந்திருக்கும்போல, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மகள்தான் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, அவதின்னா மலையாளத்துல லீவு. திங்கட்கிழமை அரண்மனை லீவு."

ஆட்டோக்காரர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். "முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். "நீங்க பத்மநாபபுரம்னுதானக்கா சொன்னிய? கொட்டாரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்லா. ஊருக்குள்ள யாரு வீட்டுக்கோ வாறியன்னு நெனச்சேன்."

அந்த ஊருக்கும் பேர் பத்மநாபபுரம்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. வடசேரி வந்ததும் இவர், "ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு" என்று மகளிடம் சொன்னார். பிடித்தம் போக மீதிப் பணம் வந்தது. லாட்ஜில் இன்னொரு நாள் வாடகை. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அந்த அரண்மனையைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனசில்லை.

செவ்வாய்க்கிழமை காலை திறக்கும்போதே வாசலில் நின்றோம். அதே காவலர். எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டு இவரிடம், "இன்னு அவதி இல்லா" என்றார். "எனக்கும் இல்லை தம்பி" என்றார் இவர்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது ஒரு விதத்தில் நல்லது. அந்தத் தரையின் குளிர்ச்சி காலுக்குத்தான் தெரியும். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்ட தரை என்கிறார்கள், முகம் பார்க்கலாம் போல கருகருவென்று இருந்தது. குனிந்து முகம் பார்த்துக்கொண்டே நடந்த இவர் அடுத்த நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். அங்கே வாசல்கள் எல்லாம் தணிவு. நிமிர்ந்தால் இடிக்கும், குனிந்து தரையைப் பார்த்தாலும் இடிக்கும்.

மந்திரசாலையின் மரச்சட்டங்கள் வழியாக வெயில் விழும் அழகையும், தாய்க்கொட்டாரத்தின் தூண் வேலைப்பாட்டையும் நானும் மகளும் பார்த்துக்கொண்டே நின்றோம். படையில் சேர வருகிறவன் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டிய கல் என்று ஒன்றைக் காட்டினார்கள். முப்பத்தெட்டுக் கிலோவாம், நூற்றொரு தடவை தூக்க வேண்டுமாம். அத்தைக்கு இதிலெல்லாம் கவனம் இல்லை. ஊட்டுப்புரைக்குப் போனதும்தான் அவர்களுக்குக் கண் விரிந்தது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீளம். அங்கே இருந்த பெரிய பெரிய ஊறுகாய்ச் சாடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கப் போனவர்களைப் பிடித்து இழுத்து வந்தோம்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்கும் போனோம். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் சமாதி அங்கே இருக்கிறது. கல்லில் லத்தீனோடு தமிழிலும் எழுதியிருக்கிறது. இவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே, எழுத்துக் கூட்டி வாசித்தார். நாலு நாளில் யாரும் குறுக்கே பேசாமல் இவர் தமிழ் வாசித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

ஊருக்கு வந்த மறுநாள் அத்தை தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாடி, கொட்டாரம் பார்த்தோம். ரெண்டு இருக்கு. ரெண்டையும் பார்த்தாச்சு. ரெண்டாவதுல சாடியெல்லாம் பெருசு. ஆனா முதல் கொட்டாரத்துலதான் வடை நல்லா இருந்துச்சு."